இது பாதிதான்

எங்கள் ஊரில் பழைய புயல்களுக்குப் பெயர் கிடையாது, வருஷம்தான். "அம்பத்திரண்டுல நான் எட்டு வயசுப் புள்ள" என்று அப்பாயி ஆரம்பித்தால் அது புயல் கதை என்று தெரிந்துவிடும். ஆளுக்கொரு வேலையைச் சாக்கு வைத்து எழுந்துவிடுவோம். "எழுபத்தேழுலதான் ஒங்க தாத்தா கால ஒடச்சுக்கிட்டாரு" என்பது அடுத்த கதை. அதையும் முழுதாகக் கேட்டதில்லை. தாத்தா நொண்டி நொண்டி நடப்பார், புயலில் விழுந்தார். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எதிலிருந்து விழுந்தார், எந்த நேரத்தில் விழுந்தார் என்று அந்த வீட்டில் 41 வருஷமாக யாரும் கேட்கவில்லை.

ஊர் பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவே இருக்கிறது. கடல் இருபது கிலோமீட்டர். டெல்டா என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கும்பகோணத்துப் பக்கம் ரயில் ஜன்னலில் தெரிகிற பச்சை வயல்தான் ஞாபகம் வரும். நாங்கள் அந்த டெல்டா இல்லை. 1934-ல் மேட்டூர் அணை வந்தபோது அந்தத் திட்டத்தோடு சேர்த்து வெட்டிய கல்லணைக் கால்வாயை நம்பியிருக்கும் புது டெல்டா. அதிலும் கடைமடை. தொண்ணூறு வயதான அந்தக் கால்வாயை இன்னமும் 'புது ஆறு' என்றுதான் சொல்கிறோம். தண்ணீர் திறந்தாச்சு என்று செய்தி வரும், மேட்டூரில் பூத்தூவுகிற படம் வரும், எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்து நிற்பதற்குள் நாற்றங்கால் காய்ந்துவிடும். 2018-ல் மேட்டூர் நிரம்பி, ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகளே உடைந்து போயின. அந்த வருஷமும் எங்கள் வாய்க்காலில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

தென்னைக்கு வந்ததற்குக் காரணம் இதுதான். நெல்லுக்குத் தண்ணீர் கெஞ்ச வேண்டும், நடவுக்கு ஆள் கெஞ்ச வேண்டும். தென்னைக்கு ஒரு போர் போட்டு மோட்டார் வைத்தால் போதும். 1990-ல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்ததும் மிச்சமிருந்த வயல்காரர்களும் மாறினார்கள். எங்கள் தாத்தா கொஞ்சம் முன்னாடியே, 1985-ல், வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கன்று வாங்கி வந்து வைத்துவிட்டார். 25 அடிக்கு 25 அடி, ஏக்கருக்கு 70 மரம், இரண்டு ஏக்கரில் 140. நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு வெட்டு. என் கல்லூரிக் கட்டணம், கல்யாணம், அம்மாவின் கர்ப்பப்பை ஆபரேஷன், அப்பாவின் டி.வி.எஸ். வண்டி எல்லாமே அந்த 140 மரத்திலிருந்து இறங்கியவை.

அந்தக் கடலுக்கும் எங்கள்மேல் பெரிய கோபம் இருந்ததில்லை. கோடியக்கரையைத் தாண்டித் தெற்கே திரும்பினால் பாக் நீரிணை. ஆழமில்லாத, அலையடங்கிய கடல். இராமேஸ்வரத்துப் பக்கம் அதைப் பெண் கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். மல்லிப்பட்டினத்தில் கரையில் நின்று பார்த்தால் ஏரி மாதிரிதான் இருக்கும். முன்னால் இலங்கை குறுக்கே படுத்திருக்கிறது. வங்கக் கடலில் உருவாகும் புயல்களில் பெரும்பாலானவை வடக்கே வளைந்து ஆந்திரா, ஒடிசா, வங்கதேசம் என்று போய்விடும். தமிழ்நாட்டுக்கு வருவதிலும் பல சென்னைக்கும் கடலூருக்கும் நடுவில் ஏறிவிடும். 2011-ல் 'தானே' புயல் கடலூர்ப் பலாவையும் முந்திரியையும் அழித்தபோது, "பாவம், அந்த ஊர்க்காரங்க" என்று டி.வி. பார்த்துச் சொன்னோம். அந்த வார்த்தை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சொன்னதே நான்தான்.

எங்களுக்குப் புயல் என்றால் மழை. 2008-ல் நிஷா காரைக்கால் பக்கம் கரையைக் கடந்தபோது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 65 செ.மீட்டருக்கு மேல் பெய்தது. வயலும் ரோடும் ஒன்றாகிப் போனது. அதுதான் எங்கள் தலைமுறைக்குத் தெரிந்த புயல். பழந்தமிழில் புயல் என்ற சொல்லுக்கே மேகம், மழை என்றுதான் பொருள் என்று பிறகு படித்தபோது, நாங்கள் சங்க காலத்து அர்த்தத்திலேயே நின்றுவிட்டோம் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டேன்.

ஆகவே 2018 நவம்பர் 15, வியாழக்கிழமை, நாங்கள் தண்ணீருக்குத் தயாரானோம்.

தீபாவளி முடிந்து ஒன்பதாவது நாள். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சொட்டு மருந்து விட நான் திருப்பூரிலிருந்து பையனையும் கூட்டிக்கொண்டு வந்து தங்கியிருந்தேன். புயல் நாலைந்து நாளாகவே செய்தியில் இருந்தது. முதலில் சென்னைப் பக்கம் பார்த்து வந்தது, பிறகு நடுக்கடலில் மனசு மாறித் தென்மேற்காகத் திரும்பியது. கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவே கரையைக் கடக்கும் என்றார்கள். வரைபடத்தில் அது எவ்வளவு நீளம் என்று பாருங்கள், அதற்குள் எங்களுக்கு மட்டும் வரும் என்று யார் நினைப்பார்கள்? பெயர் கஜா, இலங்கை வைத்த பெயர், யானை என்று அர்த்தம். பையன் அதைக் கேட்டுவிட்டுச் சந்தோஷமாக யானைப் படம் வரைந்துகொண்டிருந்தான்.

அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றினோம். உரச் சாக்கில் மண் நிரப்பி வாசற்படியில் அணை கட்டினோம். தேங்காய் மட்டையையும் விறகையும் தார்ப்பாய் போட்டு மூடினோம். கொல்லைப்புற வடிகாலை அம்மா மண்வெட்டியால் திறந்துவிட்டார்கள். மரத்தில் முற்றிய காய் வெட்டாமல் அப்படியே இருந்தது. முன்பக்கத் தகரக் கொட்டகையில் ஒரு செங்கல்கூட எடுத்து வைக்கவில்லை. மழைக்கு அது தேவையில்லை அல்லவா.

சாயங்காலம் வடக்கேயிருந்து காற்று வந்தது. சில்லென்று, லேசான தூறலோடு. அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே மூக்கை உயர்த்திப் பார்த்தார். "வாடைதான். ஐப்பசிக் கடைசியில அடிக்கிறதுதான். இது ஒண்ணும் பண்ணாது" என்றார். இதை இங்கே எழுதாமல் விட்டால் அவர் பெரிய தீர்க்கதரிசி மாதிரித் தெரிவார், அதனால் எழுதுகிறேன். எழுபத்து நாலு வயதுக்காரர், இரண்டு புயல் பார்த்தவர், அன்று மாலை ஆறு மணிக்கு எங்களைப் போலவே தப்பாகத்தான் கணித்தார். சாப்பிட்டுவிட்டு முதலில் தூங்கப் போனதும் அவர்தான்.

பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. அப்போதே நிறுத்திவிட்டார்கள், நல்லவேளை. பன்னிரண்டுக்குப் பிறகு காற்றின் சத்தம் மாறியது. அதுவரை விட்டுவிட்டு வந்த காற்று, இப்போது விடாமல் வந்தது. ஒரு லாரி வாசலில் வந்து நின்று ஆக்சிலேட்டரை மிதித்தபடியே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. தகரம் ஒரு முனையில் படபடவென்று அடித்தது, பிறகு சத்தமில்லை. போய்விட்டது என்று புரிந்தது. ஓட்டு வீட்டின் ஓடுகள் ஒவ்வொன்றாகச் சரியும் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் எல்லோரும் பின்னால் இருக்கும் சின்ன காங்கிரீட் அறைக்குப் போனோம். நெல் வைத்திருந்த அறை. பையனை மடியில் போட்டுக்கொண்டு நான், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டபடி அப்பா (இருட்டில் அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை), அம்மா, அப்பாயி.

பிறகு தோப்பு. முதலில் காய்கள் விழுந்தன, தொம் தொம் என்று, யாரோ மாடியிலிருந்து மூட்டை போடுகிற மாதிரி. அப்புறம் மரம் முறியும் சத்தம். தென்னை முறிவது இடி மாதிரி இருக்காது. நார் ஒவ்வொன்றாகப் பிய்வது கேட்கும், நீளமான ஒரு கிழிசல், கடைசியில்தான் மடார். அப்பா முதலில் எண்ணிக்கொண்டிருந்தார். வாய்விட்டு எண்ணவில்லை, விரலை மடக்கினார். இரண்டு கையும் முடிந்தபின் நிறுத்திவிட்டார்.

சுமார் இரண்டு மணி இருக்கும், காற்று நின்றது. குறையவில்லை, நின்றது. ஒரு தவளை கத்துவது கேட்டது. மாடு கத்தியது. அது கொட்டகையில் கட்டியபடியே இருந்தது, கொட்டகை இருக்கிறதா என்று தெரியாது. அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"முடிஞ்சிருச்சு. மாட்ட அவுத்துட்டு வந்துர்றேன்."

அப்பாயி தரையில் உட்கார்ந்தபடியே அவர் வேட்டியைப் பிடித்தார். அவிழ்ந்துவிடும் அளவுக்குப் பிடித்தார்.

"போவாதடா. இது பாதிதான். இப்ப தெக்கேருந்து வரும்."

"ஆத்தா, நின்னுபோச்சு, கேக்கலையா ஒனக்கு?"

"ஒங்கப்பனும் இப்புடித்தான் சொன்னாரு. சொல்லிட்டுக் கூரையில ஏறுனாரு, பிஞ்சுபோன கீத்த அமுக்கிக் கட்ட. ஏறி ஒரு கவுறு போடல, எதுத்தாப்ல வந்து அடிச்சுத் தூக்கிப் போட்டுச்சு. உக்காருடா."

தாத்தாவின் காலுக்கு என்ன ஆனது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்பாவுக்கும் அப்போதுதான் தெரிந்தது என்பது அவர் உட்கார்ந்த விதத்தில் புரிந்தது. எழுபத்தேழில் அவருக்குப் பத்தொன்பது வயது, படிப்புக்காகத் திருச்சியில் இருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் காலில் கட்டு, புயலில் விழுந்துட்டேன் என்ற ஒரு வரி. தோப்பு வைத்தார்கள், கல்யாணம் செய்தார்கள், தாத்தா செத்தும் போனார். அந்த ஒரு வரி அப்படியே இருந்தது.

அரை மணி நேரம் ஆகியிருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். சொன்ன மாதிரியே தெற்கேயிருந்து வந்தது. மெல்ல ஆரம்பித்து வலுப்பது எல்லாம் இல்லை, கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஒரே தடவையில் வந்தது.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். நடுவில் கண், அதற்குள் அமைதி. கிழக்கேயிருந்து வருகிற புயலின் நேர்பாதையில் நீங்கள் இருந்தால் முன்பாதி உங்களை வடக்கேயிருந்து அடிக்கும், கண் கடந்தபின் பின்பாதி தெற்கேயிருந்து அடிக்கும். அதனால்தான் முன்பாதி சாதாரண ஐப்பசி வாடை போலவே வந்து அப்பாயியையும் ஏமாற்றியது. மரத்துக்கு இதில் உள்ள சங்கடம், வடக்கேயிருந்து அடித்த அடியில் வேரின் ஒரு பக்கம் இழுபட்டு மண் இளகியிருக்கும், குருத்து ஒரு பக்கம் திருகியிருக்கும். அப்போது எதிர்த்திசையில் அடி விழுகிறது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, ஒரே அளவுச் சல்லிவேர் கற்றைதான். முதல் பாதியில் எங்கள் தோப்பில் விழுந்தது நாற்பது மரம் இருக்கலாம். மிச்சமெல்லாம் இரண்டாம் பாதியில் போனவை. விடிந்ததும் பார்த்தால் ஒரு கூட்டம் தெற்கே தலை வைத்துக் கிடந்தது, அதற்கு மேல் இன்னொரு கூட்டம் வடக்கே தலை வைத்துக் கிடந்தது, பாய் முடைந்த மாதிரி.

வானிலைத் துறைக் கணக்கில் கஜா ஒரு தீவிரப் புயல். 16-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. அதிராம்பட்டினத்தில் மணிக்கு 111 கிலோமீட்டர் பதிவானது. கரை ஏறியதும் அடங்கிவிடும் என்று நினைத்தது, தஞ்சாவூர், புதுக்கோட்டை, திண்டுக்கல் என்று நிலத்தைக் குறுக்கே கடந்து, கேரளாவையும் தாண்டி, அரபிக் கடலில் இறங்கிவிட்டது. அரசாங்கத்தைக் குறை சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, ஆனால் இதைச் சொல்லியாக வேண்டும். கரையோரத்திலிருந்து 80,000 பேருக்கு மேல் முன்கூட்டியே முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். 1977 நவம்பர் 12-ல் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறிய புயலில் 500-க்கு மேல் செத்தார்கள். 2018-ல் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. சுனாமி பார்த்த கரைக்கு எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது. இருபது, நாற்பது கிலோமீட்டர் உள்ளே இருந்த எங்களுக்கும் அதே செய்திதான் வந்தது, நாங்கள்தான் 'கரையோர மக்கள்' என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு அது நாங்கள் இல்லை என்று படுத்துக்கொண்டோம்.

விடிந்ததும் முதலில் என்னைத் தாக்கியது வெளிச்சம். எங்கள் வீட்டு வாசலில் காலை எட்டு மணி வரை வெயில் விழாது. அன்று ஆறரைக்கே திண்ணை முழுக்க வெயில். வாசலில் நின்றால் மெயின்ரோடு தெரிந்தது, ஒரு கிலோமீட்டர். அதற்கு அப்பால் பக்கத்து ஊர்க் கோயில் கோபுரம் தெரிந்தது. பிறந்ததிலிருந்து அந்த வாசலில் நின்றிருக்கிறேன், கோபுரம் அங்கிருந்து தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. மாடு உயிரோடு இருந்தது. கொட்டகை முழுசாகப் போயிருந்தது, மாடு வெட்டவெளியில் முளைக்குச்சியில் கட்டியபடியே நின்று, நேற்று வைத்த வைக்கோலின் ஈரமான மிச்சத்தை மென்றுகொண்டிருந்தது.

அப்பா தோப்புக்குள் நடக்க முடியவில்லை. தரையே தெரியவில்லை. விழுந்த மரங்களின் மேல் ஏறி ஏறி, கறுப்புக் கண்ணாடியோடு, நிற்கும் மரங்களை மட்டும் எண்ணினார். இருபத்தேழு. நூற்று நாற்பதில் இருபத்தேழு.

அடுத்த வாரங்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, எல்லோரும் எழுதினார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. வேறு மாவட்டங்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர இருபத்தாறு நாள். ஜெனரேட்டர் வைத்தவர் மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு தொட்டியில் தண்ணீர் ஏற்றினார். நிவாரண லாரிகளை ரோட்டோர ஊர்க்காரர்கள் மறித்துவிடுவார்கள், உள்ளே வராது. பக்கத்து ஊரோடு அதற்காக நடந்த சண்டையை இப்போது யாரும் ஞாபகப்படுத்திக்கொள்ள விரும்புவதில்லை, நானும் விடுகிறேன்.

நிவாரணக் கணக்கைச் சொல்கிறேன். விழுந்த தென்னைக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக மரத்துக்கு 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500. எங்களுக்கு 113 மரம், 1,24,300 ரூபாய். ஒரு மரம் வருஷத்துக்கு நூறு காயாவது கொடுக்கும், காய் பத்துப் பன்னிரண்டு ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வருஷக் காய் விலை. இன்னும் முப்பது வருஷம் காய்க்கக்கூடிய மரத்துக்கு. அகற்றும் கூலி 500-ல் எங்கும் முடியவில்லை. மரத்தைத் துண்டு போட வாள் மெஷின்காரர், தூரைப் பிடுங்க ஜே.சி.பி., அள்ளிப்போட டிராக்டர். மரத்தை வாங்க ஆளில்லை. ஒரே நேரத்தில் ஊர் முழுக்கத் தென்னை மரம் என்றால் செங்கல் சூளைக்காரரும் எவ்வளவுதான் வாங்குவார்?

கணக்கெடுக்க வந்தவரிடம் அப்பா சண்டை போட்டது நிற்கும் மரங்களுக்காக. விழுந்ததைத்தான் எழுதுவேன் என்றார் அவர். நிற்கிற இருபத்தேழில் சிலவற்றின் குருத்து கோணியிருப்பதை அப்பா காட்டினார். "நிக்கிதுல்ல ஐயா, எப்படி எழுதறது?" மரம் ஏறத் தெரிந்த பையன் ஒருவனை அப்பா மறுபடி ஜனவரியில் ஏற்றிவிட்டார். அவன் நடுக்குருத்தைப் பிடித்து லேசாக இழுத்தான், கையோடு வந்துவிட்டது. அடிப்பாகம் கஞ்சி மாதிரிக் குழைந்து பழுப்பாக இருந்தது. மேலேயிருந்து அவன் அதை வீசியதும் அழுகிய நாற்றம் கீழே எங்களுக்கு வந்தது. தென்னைக்கு உயிர் அந்த ஒரு குருத்தில்தான் இருக்கிறது. அது போனால் பக்கத்திலிருந்து கிளை விடாது. பச்சை மட்டைகள் இன்னும் சில மாதம் தொங்கும், பார்க்கிறவர்களுக்கு மரம் நிற்கிறது. அப்படி ஒன்பது மரம். அதோடு, அகற்ற முடியாமல் அழுகிக் கிடந்த தண்டுகளில் காண்டாமிருக வண்டு பெருகி, பிழைத்த மரங்களின் குருத்தைக் குடையத் தொடங்கியது. அடுத்த இரண்டு வருஷம் அப்பாவுக்கு வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் கலந்து மட்டை இடுக்கில் போடுவதே வேலை.

பனை நின்றது. இதை அந்தப் பக்கம் எல்லோரும் பார்த்தார்கள், எல்லோரும் சொன்னார்கள். கண்மாய்க்கரையில் நாலைந்து பனை, ஓலை பிய்ந்து, ஆனால் நிமிர்ந்து. எங்கள் வரப்பிலும் ஒரு காலத்தில் வரிசையாகப் பனை இருந்திருக்கிறது. 1984-ல் இந்த வீடு கட்டச் சூளை போட்டபோது விறகுக்குத் தாத்தா அவற்றை வெட்டிவிட்டார். அடுத்த வருஷம் அந்த இடத்தையும் சேர்த்துத் தென்னை. புயல் பார்த்துக் கால் ஒடிந்த மனிதர்தான் வெட்டினார். முட்டாள்தனம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அந்தப் பனையில் வெந்த செங்கல் சுவருக்குள் உட்கார்ந்துதான் நாங்கள் அன்று இரவு பிழைத்தோம்.

பிறகு ஒருநாள் தென்னை நோய்கள் பற்றித் தேடிக்கொண்டிருந்தபோது 'தஞ்சாவூர் வாடல்' கண்ணில் பட்டது. அடித்தண்டில் சாறு வடிந்து மரமே வாடிப்போகும் நோய். அப்பா வாயில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அது எங்கள் கடலோரத் தென்னைகளில் பெரிதாகத் தலைகாட்டியது 1952 புயலுக்குப் பிறகுதான் என்று போட்டிருந்தது. அப்படியென்றால் அப்போதும் இங்கே தென்னை இருந்திருக்கிறது, அப்போதும் புயல் வந்திருக்கிறது, அந்தச் சேதத்தின் மிச்சம் ஒரு நோயின் பெயராக எங்கள் வீட்டுக்குள்ளேயே புழங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தாத்தாவின் நொண்டல் மாதிரியேதான். 25 வருஷத்துக்கு ஒரு தடவை, 41 வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற ஒன்றை எப்படி ஞாபகம் வைப்பது? வருஷா வருஷம் புயல் வருகிற ஊரில் குழந்தைக்குக்கூடக் கண்ணுக்கு நடுவில் வெளியே போகக் கூடாது என்று தெரிந்திருக்கும். ஒரு தென்னங்கன்று வளர்ந்து, காய்த்து, வீட்டைத் தூக்கி நிறுத்துகிற காலம் முழுவதும் அமைதியாக இருந்துவிட்டு வருவதுதான் எங்களுக்கு வாய்த்த புயல்.

2020-ல் நிவர் வருகிறது என்றதும் ஊரே தோப்புக்குள் இறங்கியது. இளநீர், முற்றல் எல்லாவற்றையும் இறக்கி, கீழ் மட்டைகளை வெட்டி, மரத்தின் தலைப் பாரத்தைக் குறைத்தார்கள். தகரத்தின் மேல் மணல் மூட்டை ஏறியது. நிவர் புதுச்சேரிப் பக்கம் போய்விட்டது. ஒரு வாரத்தில் புரெவி, அதுவும் வலுவிழந்துவிட்டது. காய் பிஞ்சிலேயே போயிற்றே என்று யாரும் குறைப்பட்டதாக ஞாபகம் இல்லை.

அப்பா மறுபடி தென்னைதான் வைத்தார். வேறு எதை வைப்பது? தண்ணீர் கணக்கு மாறவில்லை, ஆள் கணக்கு மாறவில்லை. இந்தத் தடவை நெட்டை-குட்டை ஒட்டு, குழி மட்டும் முன்னைவிட ஆழம். அப்பாயி தன் பங்குக்கு வரப்போரமாகப் பனங்கொட்டை ஊன்றினார், குனிய முடியாமல் கைத்தடியால் குத்திக் குத்தி, பேரன் கொட்டையைப் போட்டுக் காலால் மூடினான். முப்பது ஊன்றியதில் பதினொன்று முளைத்தது. 2022-ல் அவர் போய்ச் சேர்ந்தபோது பெரியது என் முழங்கால் உயரம். "வாடைதான், ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னீங்களே அப்பாயி" என்று கடைசி வரைக்கும் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். "நான் பாதியதான் தப்பாச் சொன்னேன்" என்பார்.

போன ஐப்பசியில் நான் ஊரில் இருந்தபோது போனில் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி வந்தது, வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. புது மரங்கள் இப்போது ஏணி வைத்தால் எட்டும் உயரம். அப்பா அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினார், நான் ஏணியைப் பிடிக்கப் போனேன். மேலே நின்று மட்டையை வெட்டித் தள்ளியபடி சொன்னார்:

"இது ஒண்ணும் வராது பாப்பா. கணக்குப்படி பாத்தா அடுத்தது வர இன்னும் முப்பது வருஷமாவது ஆவும்."

"அப்புறம் எதுக்குப்பா வெட்டுறீங்க?"

பதில் இல்லை. கீழே இறங்கி, வெட்டிய மட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஏணியை அடுத்த மரத்துக்கு நகர்த்தச் சொன்னார்.